உள்ளே விட்ட துணி

"…அதனால நீயே நின்னுபோடு கண்ணு. நான் நின்னா சபைல நாலு பேரு பேச வாயத் தொறப்பாங்க. நீ நின்னா சாப்பிட மட்டுந்தான் தொறப்பாங்க. ஆகற காரியத்தப் பாப்போம்."

இதைச் சொன்னவள் என் பெரியப்பா மகள். எனக்கு எட்டு வயது மூத்தவள். பேரை எழுதவில்லை. எழுதினால் கிணத்துக்கடவில் பாதிப் பேர் அவளுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டிவிடுவார்கள். சொன்ன இடம் அவளுடைய தையல் அறை. நிற்கச் சொன்னது அவள் தம்பியின் கல்யாணத்தில், இணைச்சீருக்கு.

வெளியூர்க்காரர்களுக்காக இணைச்சீரைப் பற்றி இரண்டு வரி. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி ஏறுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு அவன் கூடப்பிறந்தவளையும் சபையில் நிறுத்துவார்கள். பட்டுச்சேலை கட்டி, இடுப்பில் மூங்கில் கூடையோடு அவள் நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவள் கையில் இருக்கும், மறுமுனை அவன் கையில். பெண்டாட்டி வந்தாலும் உன்னை விடமாட்டேன் என்று ஊரறிய அவன் சொல்வதாக அர்த்தம். கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குச் சித்தப்பன் மகளோ பெரியப்பன் மகளோ நிற்பாள். கூடப்பிறந்தவள் இருந்து, அவள் புருசனை இழந்தவளாக இருந்தாலும் அப்படித்தான். நான் சித்தப்பன் மகள்.

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றால் வேதியியல் செய்முறைத் தேர்விலிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் நடந்தது. எங்கள் வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் யாராவது ஒருவர் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நீண்ட கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, கீழே குடுவையில் நிறம் மாறும் நேரத்தில் நிறுத்தவேண்டும். மற்றப் பிள்ளைகள் கை நடுங்கி ஊற்றிவிட்டார்கள். அக்கா கச்சிதமாக நிறுத்தினாள். வெளியிலிருந்து வந்த வாத்தியார், "ஏம்மா, இது ஏன் நெறம் மாறுது?" என்று கேட்டிருக்கிறார்.

"அது தெரியாதுங் சார். ஆனா எப்ப நிறுத்தோணும்னு தெரியுங்."

பிராக்டிகலில் முழு மார்க்கு, தியரியில் தட்டுத் தடுமாறிப் பாஸ். "இந்தப் புள்ளைக்குத் தியரியே வராது, எல்லாமே பிராக்டிகல்" என்று என் அப்பா சொல்வார். அந்தக் காலத்தில் ஊர் அவளை "விவரமான புள்ள" என்றது. எனக்கு ஆட்கள் சொல்வதைச் சேர்த்து வைத்துக்கொள்கிற பழக்கம் உண்டு. ஒரே குணத்துக்கு ஒரே ஊர் எத்தனை பேர் வைக்கும் என்பதை அக்காவை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பெரியம்மா போனபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு ஏழு. ஒறம்பரை சனம், சொந்தபந்தமெல்லாம் வாசலில் கட்டிப் பிடித்து அழுதுகொண்டிருக்க, உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாசம் வந்தது. அக்கா எழுந்து போனாள். அடுப்படியில் விசும்பிக்கொண்டிருந்த இரண்டு அத்தைகளைப் பார்த்து, "அழுவறதுன்னா அடுப்ப அணைச்சுப்போட்டு அழுவுங்க" என்றாள். அதட்டலாகக்கூடச் சொல்லவில்லை. பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அழுதாள். அந்தச் சொல் இன்றைக்கும் எங்கள் வகையறாவில் புழங்குகிறது. யார் வீட்டில் என்ன சண்டை நடந்தாலும் ஒருத்தி இன்னொருத்தியிடம் இதைச் சொல்லிவிடுவாள், அதோடு சிரிப்பு வந்துவிடும். முதல் தடவை சொன்னபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

பெரியப்பா தோப்பு உண்டு, கடைவீதி உண்டு என்று இருந்துவிட்டு, சில வருசத்தில் அவரும் போய்விட்டார். தம்பியை வளர்த்தது அக்கா. பெண் பார்க்க வந்தவரிடம் காப்பித் தட்டை நீட்டிக்கொண்டே, "தம்பி எங்கூடத்தான் இருப்பான். ஆகும்னா காப்பி குடிங்க. ஆகாதுன்னா, போட்ட காப்பி வீணாக வேண்டாம், குடிச்சுப்போட்டே போங்க" என்றாளாம். அவர் குடித்தார். அவர்தான் மாமா. கல்யாணமாகி இந்த வீட்டுக்கே வந்துவிட்டார். அப்போது ஊர் அவளுக்கு வைத்த பேர் "சூதானமான பொம்பள". பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி அவள் சொன்ன ஒரே வாக்கியம், "எனக்கு வந்ததே வளந்து வந்துது" என்பதுதான். தம்பியைத்தான் சொன்னாள்.

ஜாக்கெட் தைப்பதில் அவளை மிஞ்சப் பொள்ளாச்சி வரைக்கும் ஆள் கிடையாது என்று சொல்வேன். அழகாகத் தைக்கிறவர்கள் இருந்தார்கள். அவள் தைத்தது காலத்துக்கும் நின்றது. பக்கத் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் அகலத்துக்குத் துணி விட்டு மடித்துத் தைப்பாள். "எதுக்குங்க்கா இத்தன துணி, குத்துது" என்று கல்யாணப் பெண்கள் சிணுங்குவார்கள்.

"நாளைக்கு ஒடம்பு போடும் அம்மணி. ஒடம்பு நம்ம பேச்சக் கேக்காது. துணிதான் கேக்கோணும்."

பிள்ளை பெற்றுவிட்டு அதே பெண்கள் அதே ஜாக்கெட்டோடு வருவார்கள். அக்கா உள்பக்கத்தைத் திருப்பி, கட்டைவிரலால் தையலோரம் தடவிப் பார்ப்பாள். பிளேடை எடுத்துப் பழைய தையலைப் பிரித்து, ஒரு விரல் தள்ளிப் புதுத்தையல் போட்டுக் கொடுப்பாள். எனக்கே இரண்டு பிள்ளைக்கு இரண்டு தடவை பிரித்துக் கொடுத்திருக்கிறாள். தனக்குத் தைத்துக்கொள்வதிலும் அதே இரண்டு விரல்தான். "உங்களுக்குத்தான் ஒடம்பே போடறதில்லையே, உங்களுக்கெதுக்குங்க்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான் போய்ச் சேந்தா எவளாவது ஒருத்தி பிரிச்சுப் போட்டுக்குவா."

தறித்துணியை மடித்து வைப்பதுபோலச் சாவை மடித்து வைத்துப் பேசுவாள்.

மாமா காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்து போய்விட்டார். மாரடைப்பு. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு நான் ஓடினேன். அக்கா கூடத்தில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள். யாரோ சொந்தக்காரருக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

"ஆமாங்க, போயி ஒரு மணி நேரந்தான் ஆச்சுங்க. ரண்டு கண்ணுமே நல்லா இருக்குங்க. ஆப்ரேசன் எதுவும் பண்ணலீங்க. சரிங்க, ஈரத்துணி வெக்கறேனுங்க. பேன ஆப் பண்ணிப்போட்டேனுங்க."

கண் எடுத்துக்கொள்கிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாமாவின் அண்ணன் சத்தம் போட்டார். உடம்பு ஆறுவதற்குள் கண்ணைப் பிடுங்கக் கொடுக்கிறாளே என்றார். கூட்டத்தில் ஒரு பெண் முதன்முதலாகக் "கல்மனசு" என்ற சொல்லை எடுத்தாள். அன்றிலிருந்து அந்தப் பேர்தான். முந்தின பேர்களுக்கும் இதற்கும் நடுவில் அவளிடம் ஒரு மாற்றமும் இல்லை. புருசன் போயிருந்தார், அவ்வளவுதான். அக்கா மாமாவின் அண்ணனுக்கு மரியாதையாகவே பதில் சொன்னாள்.

"அவருக்கு இனி எதுக்குங்க அது. நல்ல கண்ணுங்க. எனக்கு ஊசி கோத்துக் குடுத்த கண்ணு."

அக்காவுக்குச் சில வருசமாகவே பக்கத்தில் இருப்பது மங்கத் தொடங்கியிருந்தது. கண்ணாடி போட்டாலும் ஊசிக்காது பிடிபடாது. மாமாதான் நூல் கோத்துக் கொடுப்பார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவள் மெஷினில் உட்கார்ந்தாள். தம்பி கோயமுத்தூரில் பம்ப் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் முன்னால், குளித்துவிட்டு வந்து, பத்து ஊசியில் நூல் கோத்து ஒரு துணி உருண்டையில் குத்தி வைத்துவிட்டுப் போவான். வெள்ளை நாலு, கறுப்பு மூணு, சிவப்பு மூணு. கல்யாணம் நிச்சயமாகும் வரைக்கும் ஒருநாள்கூடத் தவறவில்லை. அவனை நான் குறை சொல்லமாட்டேன் என்பதற்காகத்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

பெண் வீடு மேட்டுப்பாளையம். நல்ல குடும்பம். பட்டெடுக்கப் போன அன்றைக்கே அக்கா இணைச்சீருக்கும் ஒரு சேலை எடுத்தாள். அரக்கு நிறம், மெல்லிய சரிகை. யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பெண்ணின் தாய்மாமன் வீட்டுக்கு வந்தார். பாக்கு வியாபாரி, நிதானமாகப் பேசுகிறவர். கூடத்தில் என் அப்பா, தம்பி, நான். அக்கா அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு துணித்திரைதான்.

"தப்பா நெனைக்கப்படாதுங்க. நாங்க பழைய காலத்து ஆளுங்க இல்லீங்க. இணைச்சீருக்கு யாரு நிக்கறாங்கன்னு பொண்ணோட அம்மா ஒரே வெசனமா இருக்கறாங்க. மாப்பள நெனைக்கறது எங்களுக்கும் புரியுதுங்க. ஆனா சபைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க. கொஞ்சம் பிராக்டிகலா யோசிச்சுப் பாருங்க."

எங்கள் ஊர்ப் பேச்சில் கத்தியும் உண்டு. 'ங்க' என்கிற உறையைப் போட்டுத்தான் நீட்டுவோம்.

"என்ற அக்காதானுங்க நிக்கோணும்" என்றான் தம்பி. ஒரு தடவை சொன்னான். என் அப்பா மோட்டுவளையைப் பார்த்தார். தாய்மாமன் தலையை ஆட்டிக்கொண்டு பொறுமையாக இருந்தார். தம்பி இரண்டாம் தடவை சொல்வானா என்று நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் திரை விலகியது. அக்கா தட்டோடு வந்தாள்.

"அவரு சொல்றது சரிதானுங்களே. நானே சொல்லோணும்னு இருந்தேன். சித்தப்பா மக இருக்கறா, ரண்டு புள்ள பெத்தவ, அவ நிப்பா. காப்பி ஆறுது, எடுத்துக்குங்க."

தாய்மாமன் டம்ளரை எடுத்துக்கொண்டு என் அப்பாவிடம், "பாத்தீங்களா, அம்மணி எத்தன விவரம்" என்றார். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அந்தப் பழைய பேர் அன்றைக்குத்தான் அவளுக்குத் திரும்பக் கிடைத்தது.

தம்பியின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். தேங்காய் மூட்டையை இறக்கி வைத்தவனுக்கு இறங்குமே, அப்படி. நான் பார்த்ததை அக்காவும் பார்த்தாள். என்னைப் பற்றியும் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். அந்த நிமிசத்தில் எனக்கு உள்ளூர ஒரு குறுகுறுப்பு வந்தது. பட்டு, மேளம், சபை, எல்லார் கண்ணும் என்மேல். வேண்டாங்க்கா என்று நான் சொல்லியிருக்கலாம். நான் மறுத்திருந்தால் வேறு பெரியப்பன் சித்தப்பன் மகள் எங்கள் வகையறாவில் கிடையாது. அப்போது தம்பி இரண்டாம் தடவை சொல்லியே ஆகவேண்டியிருந்திருக்கும். நான் சொல்லவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. கூடையை இடுப்பில் வைத்து, கூறைச்சேலையின் முனையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். இரண்டு கையையும் விலாவோடு ஒட்டியே வைத்திருந்தேன். முன்வரிசையில் ஒரு அம்மா, "எத்தன அடக்கமா நிக்கறா பாரு" என்று பக்கத்தில் சொன்னது காதில் விழுந்தது. அடக்கம் ஒன்றுமில்லை. கையைத் தூக்கக்கூடாது என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள்.

அக்கா அப்போது மண்டபத்தில் இல்லை. பின்னால் சமையல் கொட்டகையில் நின்றாள். யாராவது ஒருத்தர் நிற்கத்தானே வேண்டும் என்றாள். அன்றைக்குப் பந்தியில் ரசம் உப்புக் கரித்தது. கல்யாணத்தில் ஒரே குறை அதுதான், சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். பாத்திரம் கணக்குப் பார்க்க நான் போனபோது சமையல்காரர் என்னிடம் புலம்பினார்.

"நான் மறக்கலீங்க. அந்தம்மாதான் உப்புப் போடுன்னாங்க. போட்டேன். மேளச் சத்தம் கேட்டுது. மறுக்கா உப்புப் போடுன்னாங்க. போட்டாச்சுங்கன்னேன். அவிய காதுலயே விழுகலீங்க. 'உப்புப் போடு, உப்புப் போடு'ன்னே நின்னாங்க. பெரியவிய சொல்றாங்கன்னு போட்டுட்டேன்."

எட்டாம் நாள் குட்டியானை வண்டியில் மெஷினையும் இரண்டு பெட்டியையும் ஏற்றிக்கொண்டு அவள் காரமடைக்குப் போனாள். கோயில் வீதிக்குப் பின்னால் ஒரு அறை பார்த்து வைத்திருந்தாள். எப்போது பார்த்தாள் என்று யாருக்கும் தெரியாது. புதுப்பெண் அழுதாள். நல்ல பெண், நிஜமாகவே அழுதாள். அக்கா அவள் தலையைத் தடவி, "ரண்டு பேரு ஒரே டப்பாக்குள்ள கைய விட்டா உப்பெது சக்கரையெதுன்னு தெரியாமப் போயிரும் கண்ணு" என்றாள். தம்பி வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றான். "எப்ப நிறுத்தோணும்னு தெரியோணும் சாமி" என்று சொல்லி அவன் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

ஆறு வருசமாகிறது. தம்பி மாதம் ஒருமுறை போய்வருகிறான். நான் இன்னும் போகவில்லை. இரண்டு பஸ் மாறினால் காரமடை. பிள்ளைகளுக்குப் பரீட்சை, மாமியாருக்கு முழங்கால், தோப்பில் வாடல் நோய் என்று ஆகிற காரியத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். போனில் பேசுவோம். போன மாதம் கேட்டேன்.

"இப்ப ஊசிக்கு நூலு யாருங்க்கா கோத்துத் தராங்க?"

"அதுக்கொரு கம்பி விக்குது கண்ணு. ஆளே வேண்டியதில்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அடுப்பை அணைத்தேன்.

அவளுக்கு ஊர் வைத்த பேர்கள் எல்லாவற்றையும் ஒரு வரிசையில் வைத்துப் பார்க்கிறேன். விவரம், சூதானம், கல்மனசு, மறுபடி விவரம். அவள் செய்தது யாருக்கு எத்தனை சௌகரியமாக இருந்ததோ அதைப் பொறுத்துத்தான் பேர் மாறியிருக்கிறது. நாங்கள் ஆளாளுக்கு அவளைப் பிரித்து எங்கள் அளவுக்குப் போட்டுக்கொண்டோம். அவளுடைய அளவு என்னவென்று எங்களில் யாரும் எடுத்துப் பார்த்ததில்லை. நான் ஒரே ஒரு தடவை பார்த்தேன், அதுவும் தற்செயலாக.

பாக்கு வியாபாரி போன பிறகு அக்கா என்னைத் தையல் அறைக்குக் கூப்பிட்டாள். நான் தயங்குவதாக நினைத்துக்கொண்டு, நீயே நின்னுபோடு கண்ணு என்று நான் முதலில் எழுதியதையெல்லாம் சொன்னாள். ஆகற காரியத்தப் பாப்போம் என்றாள். "சரிங்க்கா" என்றேன். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டேன்.

அலமாரியைத் திறந்து அரக்குச் சேலையை எடுத்து என் கையில் கொடுத்தாள். அதற்கு அடியில் ஜாக்கெட் இருந்தது. சேலையோடு வந்த துணியில் முன்னாலேயே தைத்து, கொக்கி வைத்து, கைமடிப்புக்குச் சரிகை ஓரம் கொடுத்து, தேய்த்து மடித்து வைத்திருந்தாள். கொக்கிக்கு எதிரே காஜா எடுத்திருந்த சிவப்பு நூலில் ஒரு பிசிறு கிடையாது. அவளுடைய உடம்பு அளவு என்பது பார்த்த உடனே தெரிந்தது. அவள் ஒடிசலான ஆள்.

"கையத் தூக்கு" என்றாள். தூக்கினேன். டேப்பைச் சுற்றிப் பிடித்து அளவு பார்த்தாள். பிறகு, எத்தனை துணி விட முடியும் என்று பார்க்க ஜாக்கெட்டின் உள்பக்கத்தைத் திருப்பினாள். நூறு தடவை நான் பார்த்த வேலை அது. கட்டைவிரல் அக்குளில் ஆரம்பித்துத் தையலோரமாகவே இடுப்பு வரைக்கும் போனது. நின்றது. மறுபக்கமும் அதேபோலப் போனது.

உள்ளே துணி இல்லை. தையலை ஒட்டி நறுக்கியிருந்தது. இரண்டு விரல் வேண்டாம், ஒரு அரிசி அகலம்கூட விட்டிருக்கவில்லை. வேறு யாருக்கும் பிரித்துப் போட முடியாதபடி, தன் உடம்புக்கு மட்டும் தைத்திருந்தாள்.

நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்தது. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது போய் முடியும் வரைக்கும் அவள் கட்டைவிரல் அந்த ஓரத்திலேயே இருந்தது.

"பத்தாது" என்றாள். "பக்கத்துக்கு ஒட்டுப் போட்டுக்கலாம். கையத் தூக்காம நின்னீன்னா ஒருத்தருக்கும் தெரியாது."

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். கத்தரியை எடுத்தாள். அக்குளில் வைத்து, எங்கும் நிறுத்தாமல், இடுப்பு வரைக்கும் ஒரே வெட்டாக வெட்டினாள்.